என் போனுக்குள் வராத உன் மாமனார் குரல்

தினேஷ்,

நீயும் பவித்ராவும் ஜெர்மனி போய்ச் சேர்ந்து, வீடு பிடித்து, நம்ம அரிசி கிடைக்கிற கடையையும் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முன்னாலேயே எழுதியிருந்தால் பயணம் கிளம்புகிற பிள்ளையின் மனதைக் கலைத்த மாதிரி ஆகியிருக்கும். விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்ச நஞ்சம் இல்லை, ஜாஸ்தியாகவே. பேரன் பேத்தியை எதிர்பார்க்கிற வயதில் ஒருவன் தன் மகனுக்கு இப்படி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மாவிடம் கேட்டதற்கு, "எழுதுங்க. எழுதிட்டாவது மொகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறது நிக்குதான்னு பாக்கலாம்" என்றாள். அவள் படித்துப் பார்த்த பிறகுதான் இது உனக்கு வருகிறது. சம்பந்தி படித்தாலும் பரவாயில்லை. அவரிடம் இதில் பாதியை நேரிலேயே சொல்லிவிட்டேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடையில் வாலிபத்தில் சேர்ந்தவன், தலை நரைத்து ரிட்டயர் ஆகிறவரை அங்கேயேதான் நின்றேன். அந்தக் கடை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். சீல் உடையாத பொருளுக்குத்தான் கேட்க ஆள் உண்டு. தெருவில் யாரோ கழற்றிப் பார்த்த டி.வி.யைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வருவார்கள். கம்பெனி ஆள் பின்பக்கத்து ஸ்க்ரூவை ஒரு பார்வை பார்ப்பான். "ஓப்பன் பண்ணியிருக்காங்க சார், வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்று சமாதானம் சொல்கிறவன் நான். அதனால்தான் நீ ஏழாவது படிக்கும்போது புது மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்த அன்று, உன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பரண்மேல் வைத்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அந்த மிக்ஸி வருஷக்கணக்காக உழைத்தது என்பதை உன் அம்மாவே ஒத்துக்கொள்வாள்.

உனக்கு முதல் போனஸ் வந்தபோது நீ எனக்கு அந்த போனை வாங்கிவந்தாய். பெட்டியின் மூடியைத் தூக்கினால் அது உடனே வரவில்லை. காற்று பிரிந்து, மெதுவாக, தானே மனமிரங்கி வருவதுபோல வந்தது. பெட்டி பிரிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான், அப்படி ஒரு பெட்டியைப் பிரித்ததில்லை. கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். சில்வர் பீச்சில் காலையில் நடக்க வருகிறவர்களிடம் காட்டினேன். நீ அப்போது சொன்னாய்: "அப்பா, இதுல கம்பெனி ஸ்டோர்ல என்ன இருக்கோ அது மட்டும்தான் உள்ள வரும். வெளியிலேர்ந்து எவனும் எதையும் போட முடியாது. பயமில்லாம வச்சிக்கங்க." எனக்கு அது வாரண்டி கார்டில் முத்திரை குத்தின மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் உன் வசந்தா அத்தை போனுக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வந்தது. அவள் அதைத் தொட்டாள். பத்திரிகை திறக்கவில்லை, பேங்கில் இருந்ததுதான் காலியானது. அவள் இங்கே வந்து, பேச முடியாமல் உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். அன்றைக்கு உன் தயவால் நான் பத்திரமாக இருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன். அதுவரைக்கும் எந்த வம்பும் இல்லை.

பிறகு உன் கல்யாணம். கிள்ளையில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிற குணசேகரன் நமக்குச் சம்பந்தி ஆனார். நல்ல குடும்பம், நல்ல பெண், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுவீட்டு விருந்துக்குப் போன அன்றே நீ அவருடைய பட்டறைக்குள் போனவன் சாப்பிடக் கூப்பிடுகிறவரை வெளியே வரவில்லை. வந்தபோது புது வேட்டியில் கிரீஸ். அவர் எதையும் கழற்றுகிற ஆள். இன்ஜின், ஃபேன், பவித்ராவின் தையல் மெஷின் எதுவும் தப்பாது. திரும்ப மாட்டும்போது இரண்டு போல்ட் மிச்சம் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார். "ஓடுதில்ல, வுடுங்க" என்பார். கம்பெனி கைவிட்டுவிட்ட ஒரு பழைய போன் அவரிடம் இருந்தது. புதிதாக எதுவும் அதில் ஏறாது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். நீ அதை வாங்கி, கம்பெனி போட்டிருந்ததையெல்லாம் வழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிய ஒன்றை அதில் ஏற்றினாய். போன் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. சென்னையிலிருந்து சனிக்கிழமை கிளம்பினால் கடலூரில் இறங்குவாய் என்று உன் அம்மா மீன் வாங்கி வைத்திருப்பாள். "நேரா சிதம்பரம் பஸ்ல ஏறிட்டேன்மா, மாமாகிட்ட ஒரு வேலை இருக்கு" என்று போன் வரும். மீனை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடிப்போம்.

என்ன வேலை என்பது எனக்குப் பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோதுதான் தெரிந்தது. பட்டறைக்குப் பின்னால் படகுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன்னுடைய விரிசல் விட்ட போனை அமுத்தினார். அதிலிருந்து குணசேகரன் பேசினார். "வணக்கம். மொகத்துவாரம் எப்படி இருக்குதுன்னு கேக்க பச்சையைத் தொடுங்க. நீங்க பாத்ததைச் சொல்ல செவப்பைத் தொடுங்க." பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நிஜக் குணசேகரன் வெட்கத்தோடு சிரித்தார். உப்பங்கழியிலிருந்து கடலுக்குப் போகிற வாயில் மணல் இன்றைக்கு ஒரு பக்கம் ஏறும், நாளைக்கு ஒரு பக்கம் ஏறும், தெரியாமல் நடுவில் போகிற படகைப் புரட்டிவிடும் என்று அவர்கள் எனக்கு விளக்கினார்கள். விடியலில் முதலில் கடக்கிறவர் எந்தப் பக்கம் ஆழம் என்று போனில் பேசிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எழுதத் தெரிய வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். "மாப்ள பண்ணது சார்" என்று விரிசல் போன்காரர் என்னிடமே சொன்னார், நான் யார் என்று தெரியாமல்.

என் கையும் தானாக என் போனை எடுத்தது. "எனக்கும் போட்டுக் குடுடா" என்று உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கவில்லை. "உங்க போன்ல வராதுப்பா" என்றாய்.

"நீ வாங்கிக் குடுத்த போனுதானே?"

"அதாம்பா. ஸ்டோருக்கு அனுப்பிப் பாத்தேன். கடல் பாதுகாப்பு விஷயம், அரசாங்க மூலம் இல்லாம போட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இவுங்க போன்ல நானே நேரா ஏத்திடலாம். உங்க போன்ல ஸ்டோர் விடலைன்னா வழியே கிடையாது."

குணசேகரன் என் முகம் வாடினதைப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான், "சம்பந்தி போனு ராஜா வூட்டுப் போனு, கண்டவனையெல்லாம் உள்ள வுடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உன்னை வம்புக்கு இழுத்தது அதனால்தான். ஸ்டோர்காரன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, தப்பான தகவல் போய்ப் படகு கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது, வசந்தா அத்தைக்கு நடந்தது மறந்துபோச்சா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. தப்பாகச் சொன்னவர் யார் என்று அந்த ஊருக்கே குரலில் தெரியும், அதனால்தான் பெயர் போடாமல் குரலோடு வைத்திருக்கிறேன் என்றாய். அது நல்ல பதில்தான். பிறகு சொன்னாய்: "காசு குடுத்து வாங்குன பொருள்ல நான் எதை வச்சிக்கணும்னு வித்தவன் முடிவு பண்றான்பா. வித்த பிறகும் அவன் வூட்டுக்குள்ளயே உக்காந்திருக்கான்." வீட்டுக்குப் பூட்டு வேண்டாமா என்றேன். "பூட்டு வேணும். சாவி வீட்டுக்காரன்கிட்ட இருக்கணும், அவ்வளவுதான்" என்றாய். "என்கிட்ட சாவி இருந்தா தொலைச்சிடுவேன்டா" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ விளையாட்டாகச் சொல்லவில்லை. "அதுக்குத்தானே உங்களுக்கு அந்த போன் வாங்குனேன்" என்றாய்.

நீ வேண்டுமென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னது உனக்கு நினைவிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் கடலூர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் மகன் இரண்டு பெரியவர்களை எடைபோட்டிருக்கிறான். ஒருவரிடம் சாவியைக் கொடுக்கலாம். இன்னொருவரிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார், அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவதே நல்லது. விலை ஜாஸ்தியான போன் எனக்கு, நம்பிக்கை அவருக்கு. அதுவரை நான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்த பொருளை அன்றைக்குச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியவில்லை. குரல். தீபாவளி, ஆடித் தள்ளுபடி என்றால் கடை வாசலில் மைக்கைப் பிடித்தவன் நான். என் குரலைக் கேட்டுவிட்டு மஞ்சக்குப்பம் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிவந்ததாக முதலாளி சொல்வார். நீயும் சின்னப் பையனாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய். உனக்கு ஒரு குரல் தேவைப்பட்டபோது அந்தக் குரல் உன் ஞாபகத்துக்கு வரவில்லையே. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசுகிற குணசேகரன் குரல்தான் உனக்குக் கிடைத்ததா? அதுவும் நான் கேட்க வேண்டும் என்றால் என் போனில் வராதாம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எது பத்திரம்னு அவன் எப்படி முடிவு பண்ணலாம்? ஒரு வார்த்தை கேட்டானா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "நீங்க வாஷிங் மெஷின் எடுத்தாந்தீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுல அத்தனை பட்டன் இருந்துச்சி. ஒரே ஒரு பட்டனைக் காட்டி, இதை மட்டும் தொடு, வேற எதையும் தொடாத, கெட்டுப்போயிடும்னு சொன்னீங்க. அது ஓடி ஓஞ்சி போற வரைக்கும் பட்டுக்கும் அதான், போர்வைக்கும் அதான். மத்த பட்டன்லாம் என்னா பண்ணும்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் சண்டைக்காகச் சொல்லவில்லை, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு நான் தருகிற புத்தி என்று இந்தக் கடிதத்தில் ஏதாவது இருந்தால் அது உன் அம்மா அன்று சொன்னதுதான். பவித்ராவுக்கு எது நல்லது என்று உனக்கு ரொம்ப நன்றாகத் தெரிகிற நேரம் வரும். அப்போது அவளைக் கேள். கேட்ட பிறகு நீ நினைத்ததையே அவளும் சொல்லலாம். அப்போதும் கேட்டது வீண் இல்லை.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் பழைய போன் விற்கிற கடையில் ஒன்றை வாங்கினேன். எந்தக் கம்பெனியும் இப்போது கண்டுகொள்ளாத போன். உன் அம்மாவிடம் பேங்க் வேலையாகச் சிதம்பரம் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. என் மகன் செய்த பொருளை என் காதால் கேட்க இரண்டு பஸ் மாறி சம்பந்தி வீட்டுக்குப் போய் நிற்கிறேன்.

குணசேகரன் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முகத்தில் பயத்தோடு, "பசங்க நல்லாக்கீறாங்கல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லி போனை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "மாப்ள சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு, நானே ஏத்திடுவேன். கொஞ்சம் நேரம் புடிக்கும்" என்றார். உண்மையில் ரொம்ப நேரம் பிடித்தது. ஒரு தடவை போன் செத்தே போய்விட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் மீன் குழம்போடு சாப்பாடு ஆகி, நான் பெஞ்சில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டேன்.

அந்தக் குரல்தான் என்னை எழுப்பியது. "வணக்கம். மொகத்துவாரம் எப்படி இருக்குதுன்னு கேக்க." போனை என் கையில் வைத்தார். நான் பச்சையைத் தொட்டேன். அன்றைக்குக் காலையில் கடந்த யாரோ ஒருவர், பின்னால் காற்றின் இரைச்சலோடு, "தெக்கால ஓரமா வாங்க, நடுவுல மணலு ஏறிக்கிச்சி, வடக்கால வராதீங்க" என்றார். அடுத்து இன்னொருவர், "அண்ணன் சொன்னது கரெக்டு, நான் இப்பதான் வந்தேன்" என்றார். எனக்கு அந்த இருவரையும் தெரியாது. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. இரண்டு பேரும் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கரையேறின மாதிரி எனக்கு இருந்தது. அந்த நேரத்தில் பெருமையும் பொறாமையும் ஒன்றாகத்தான் வந்தன. எது எங்கே முடிகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கேட்டே விட்டேன். "ஏன் சம்பந்தி உங்க குரலை எடுத்தான்? மைக்கில பேசறது என் தொழிலாச்சே."

அவர் மறைக்கவில்லை. "உங்க குரலு ரேடியோ குரலு சம்பந்தி. அது பேசுனா நம்ம ஆளுங்க புயலு வருதுன்னு நெனச்சி படகை இழுத்துக் கட்டிடுவானுங்க" என்றார். அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும், தினேஷ், அது எனக்கு ஆறுதல் இல்லை.

கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதையோ கடன் கேட்பதுபோலத் தயங்கி, "சம்பந்தி, பவித்ரா பாப்பா படம் எதுனா வந்துச்சா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பவித்ராவிடம் இருப்பதும் என் போன் மாதிரியே அதே கம்பெனி போன். அவள் தினமும் எடுக்கிற படமெல்லாம் ஒரு பொதுப் பெட்டியில் விழுகிறது. விழுந்த நிமிஷம் எனக்கும் உன் அம்மாவுக்கும் வந்துவிடுகிறது. சாயந்தரம் வீடியோவில் கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கிறாள். நீ உன் மாமனார் போனில் ஏற்றிக் கொடுத்ததில் அந்தப் பெட்டி திறக்காது. மெசேஜில் தனியாக அவருக்கு அனுப்புகிற ஒன்றிரண்டு படங்கள்தான் அவருக்கு மகள். "பேங்க்கு ஆப்பும் அதுல வேலை செய்யாது, அதுகூட பரவாயில்ல" என்றார். "வேலைக்குப் போறப்ப என்னா சட்டை போட்டுக்குது, என்னா சாப்புடுதுன்னு தெரிய மாட்டேங்குது."

நான் போனை எடுத்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதக்கணக்காக என் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இடம் மாறி அவர் பக்கம் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. படங்களைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கிரீஸ் பட்டுவிடுமோ என்று விரல் நுனியால் மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கருகின தோசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பவித்ரா. உன் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் பவித்ரா. ஒவ்வொன்றுக்கும் நின்று, நின்று, மூச்சு விடாமல் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டு போனது. அவர் முகத்துக்கு அது திறக்கவில்லை. வெட்கத்தோடு என்னிடம் நீட்டினார். நான் என் முகத்தைக் காட்டித் திறந்து கொடுத்தேன். மறுபடியும் இருண்டது, மறுபடியும் காட்டினேன். கடைசியில் அவர் பக்கத்திலேயே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு படத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. சைக்கிளில் விழுந்து முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு பவித்ரா உட்கார்ந்திருக்கிற படம். கீழே அவளே எழுதியிருந்தாள்: "சின்ன அடிதான் மாமா. அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாரு." நான் போனை வாங்குவதற்குள் அவர் படித்துவிட்டார்.

"இது எப்போ?"

"போன வாரம்னு நெனக்கிறேன். இப்ப ஒண்ணும் இல்ல, நல்லா நடக்குது. நேத்து பேசுனேன்."

அவர் ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பயமாம்" என்றார். கோபம் இல்லை, ஒரு சிரிப்பு மாதிரி வந்து பாதியில் நின்றுவிட்டது. "கடலுக்குப் போய் ரெண்டு தடவை முழுகி எழுந்தவன் சம்பந்தி நான். என் பொண்ணுக்கு அடிபட்டா நான் பயந்துடுவனாம். உங்ககிட்ட சொல்லுது."

எனக்குள் இருந்த சந்தோஷம் அந்த இடத்தோடு போய்விட்டது. அவர் சொன்னதை நான் வேறு வார்த்தையில் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பத்திரப்படுத்தினவன் நீ, அவரைப் பத்திரப்படுத்தினவள் அவர் மகள். பொங்கலன்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொன்னேன். சாவியைப் பற்றிச் சொன்னேன். உங்கள்மேல் எனக்குப் பொறாமை சம்பந்தி என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எம்மேலயா?" என்றார். "உங்க போன்ல படம் வந்து விழற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஊர்க் கல்யாணத்துல பாக்கற ஆளுங்ககிட்ட, பாப்பா எங்களைவிட மாமனாருகிட்டதான் பேசுதுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவேன். சிரிச்சிக்கிட்டுத்தான் சொல்லுவேன்." அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்கள். கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்பினேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் நான் கிள்ளைக்குப் போகிறேன். சில வாரம் அவர் கடலூர் வருகிறார். வந்தால் உன் அம்மா வாங்குகிற மீனை, கிள்ளைக்காரர் கண்ணோடு, இது ஐஸ் மீனு என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார். அவர் போனில் முகத்துவாரம் கேட்கிறேன், என் போனில் அவர் மகளைப் பார்க்கிறார். என்னிடமும்தான் இப்போது பழைய போன் இருக்கிறதே, அதிலேயே கேட்கலாம். ஆனாலும் அவர் போனில்தான் கேட்கிறேன். பேச்சுவாக்கில் அவர் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுவார். வேலையை விட்டுவிடலாமா என்று நீ ஒரு மாதம் தவித்தாயாம், அவர் பட்டறையில் உட்கார்ந்து இரவெல்லாம் அதைத்தான் பேசினாயாம். எனக்கு அது சுருக்கென்று குத்தும். பதிலுக்கு நான் பவித்ரா முந்தாநாள் வீடியோவில் சொன்ன ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவேன். அவர் முகம் சுருங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் சுகம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அது பாட்டுக்கு இருக்கிறது. இப்போது கூட உட்கார ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அங்கிருந்தே அவருக்கு என்னுடையது மாதிரி ஒரு போனும், கம்பெனிப் பூட்டில்லாத புதுப் போன் ஒன்று எனக்கும் வாங்கி அனுப்புவாய். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எழுதிவிடுவாய். உன்னால் முடியும். செய்யாதே. நாங்கள் கேட்டால் செய், கேட்கும்வரை விட்டுவிடு. பவித்ராவிடமும் சொல், அடிபட்டால் அவள் அப்பாவுக்கும் சொல்லட்டும். அவர் பயப்படத்தான் செய்வார். பயப்படட்டும், அது அவருடைய பாத்தியதை. எனக்கும் அப்படித்தான். வேலையை விடுகிற மாதிரி ஏதாவது வந்தால் என்னிடமும் சொல். நான் தாங்கமாட்டேன் என்று நினைக்காதே. தாங்காமல் போனால்தான் என்ன, நான் உன் அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உன் அம்மா இதைப் படித்துவிட்டு, எல்லாம் சரி, முக்கியமானதை எழுதவில்லையே என்கிறாள். அதையும் எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் மாமனாரிடம் பேசிவிட்டு அதற்கப்புறம்தான் எனக்குக் கூப்பிட்டிருக்கிறாய். அவரே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வாரம் முதலில் எனக்குப் பேசு. அவருக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம். ஆனாலும் முதலில் என் போன் அடிக்கட்டும்.

அப்பா